ஒருக்கா அடித்தால் பதினொரு இடத்தில் விழ வேண்டும்: வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வந்த கடிதங்களில் ஆறு, வேர்டில் ஒரு தடவை அடித்த பெயர் ஆவணம் முழுவதும் தானாக வருவது பற்றியவை. அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: கச்சேரிப் பக்கம் தட்டச்சு, போட்டோக்கொப்பி நிலையம் நடத்துகிறேன். வீட்டு வாடகை ஒப்பந்தம் ஒன்று வேர்டில் இருக்கிறது, ஆறு பக்கம். வாடகைக்கு எடுப்பவரின் பெயர் பதினொரு இடத்தில் வருகிறது. பழைய கோப்பைத் திறந்து ‘ரீப்ளேஸ்’ கொடுத்துத்தான் பெயரை மாற்றுகிறேன். போன கிழமை ஒருவருடைய ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அவருக்கு முந்தியவரின் பெயர் நின்றுவிட்டது. ஒரு இடத்தில் அடித்தால் மற்ற இடங்களில் தானே வர வழி உண்டா?
— திருகோணமலை நகர் வாசகர்

பதில்: உண்டு. வேர்ட் 2007இலிருந்தே இருக்கிறது. முதலில் ‘ரீப்ளேஸ்’ ஏன் காலை வாரியது என்று பார்ப்போம். ‘சி. ரவி’ என்று தேடினால் இடைவெளி விடாமல் ‘சி.ரவி’ என்று அடித்த இடம் தப்பிவிடும். அதற்குப் பயந்து ‘ரவி’ என்று மட்டும் தேடினால், சாட்சிக் கையொப்பம் வைக்கும் ரவிச்சந்திரனுடைய பெயரும் சேர்ந்து மாறிவிடும். பழைய ஆளின் கோப்பிலிருந்து புதிய ஆளுக்கு ஒப்பந்தம் செய்கிற பழக்கத்தையே விட்டுவிடுவதுதான் நல்லது.

ஒப்பந்தத்தில் பெயர் முதலில் வரும் இடத்தில் கர்சரை வையுங்கள். ‘இன்சேர்ட்’ பட்டியில் வலப்பக்கமாக ‘குயிக் பார்ட்ஸ்’ இருக்கும். அதற்குள் ‘டொக்கியுமென்ட் ப்ரொப்பர்ட்டி’. அதைத் தொட்டால் பதினைந்து பெயர்கள் விரியும். ‘சப்ஜெக்ட்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் அந்தச் சொல் எழுதிய ஒரு கட்டம் வந்து நிற்கும். கட்டத்தின் இடது மேல் மூலையிலுள்ள சிறு பிடியைச் சொடுக்கினால் முழுக் கட்டமும் தெரிவாகும். அதைக் கொப்பி செய்து, பெயர் வர வேண்டிய மற்றப் பத்து இடங்களிலும் ஒட்டுங்கள். பக்கத் தலைப்பிலும் அடிக்குறிப்பிலும்கூட ஒட்டலாம். இனி எந்தக் கட்டத்தில் பெயரை அடித்து வெளியே வந்தாலும் மற்றவை உடனே மாறும். ஒவ்வொரு கட்டமும் தன் எழுத்தளவையும் தடிப்பையும் தானே வைத்துக்கொள்ளும். ஆகவே முகப்பில் 16 புள்ளியில் தடித்த எழுத்தாகவும் உள்ளே 11 புள்ளியில் சாதாரணமாகவும் அதே பெயர் வரலாம்.

‘சப்ஜெக்ட்’ என்ற பெயர் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளைக் குழப்பும். அதை மாற்ற ‘டிவலப்பர்’ பட்டி வேண்டும். ‘ஃபைல்’, ‘ஒப்ஷன்ஸ்’, ‘கஸ்டமைஸ் ரிபன்’ என்று போய் வலப்பக்கப் பட்டியலில் ‘டிவலப்பர்’ என்பதற்குச் சரி போட்டால் அது வந்துவிடும். பிறகு கட்டத்துக்குள் கர்சரை வைத்து, டிவலப்பரில் ‘ப்ரொப்பர்ட்டீஸ்’ திறந்து, ‘டைட்டில்’ என்ற இடத்தில் ‘வாடகைக்கு எடுப்பவர்’ என்று எழுதுங்கள். மாறுவது மேலே தெரியும் பெயர் மட்டும்தான், இணைப்பு அப்படியே இருக்கும். அதே பெட்டியில் ‘கட்டத்தை அழிக்க முடியாது’ என்ற தெரிவுக்கும் சரி போட்டுவிடுங்கள். அவசரத்தில் டிலீட்டை அழுத்துபவரிடமிருந்து அதுதான் காப்பாற்றும். இந்த இரண்டையும் முதற் கட்டத்தில் முடித்த பிறகே கொப்பி செய்யுங்கள். இல்லாவிட்டால் பதினொரு தடவை செய்ய நேரிடும்.

பதினைந்திலும் எதை எடுப்பது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘ஓதர்’ வேண்டாம். புதிய ஆவணம் திறந்தவுடன் கணினியில் பதிந்த பயனரின் பெயர் அதில் தானே ஏறிவிடும். வாடகைக்காரர் இடத்தில் உங்கள் கடையின் பெயர் நிற்கும். ‘கம்பனி’யிலும் அந்தத் தொல்லை வரலாம். ‘டைட்டில்’ என்பதில் எழுதுவது, பிடிஎஃப் ஆக்கி அனுப்பும்போது பார்ப்பவரின் திரையின் மேல்விளிம்பில் தெரியக்கூடும். ‘சப்ஜெக்ட்’, ‘கெட்டகரி’, ‘மெனேஜர்’, ‘ஸ்டேட்டஸ்’ ஆகியவை பயமில்லாதவை. திகதிக்கு ‘பப்ளிஷ் டேட்’. அது நாட்காட்டியைக் காட்டும். ‘டேட் அன்ட் டைம்’ வழியாகத் தானாகப் புதுப்பிக்கும் திகதியைப் போட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறந்தால் ஒப்பந்தம் அன்றைக்கு எழுதியதாகக் காட்டும்.

அடையாள அட்டை இலக்கத்தை இப்படிக் கட்டமாக்கினால் இன்னொரு விடயமும் கவனிக்க வேண்டும். இந்த விபரங்களிற் சில பிடிஎஃப் கோப்பின் உட்குறிப்பிலும் போய் உட்காரும். பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது ‘ஒப்ஷன்ஸ்’ திறந்து ‘டொக்கியுமென்ட் ப்ரொப்பர்ட்டீஸ்’ என்பதிலுள்ள சரியை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கட்டங்களை வெறுமையாக்கி, ‘சேவ் அஸ்’ கொடுத்து, வகையில் ‘வேர்ட் டெம்ப்ளேட்’, அதாவது மாதிரிக் கோப்பு, என்று தெரிவு செய்து சேமியுங்கள். ‘டொக்கியுமென்ட்ஸ்’ கோப்புறைக்குள் ‘கஸ்டம் ஒஃபிஸ் டெம்ப்ளேட்ஸ்’ என்ற இடத்துக்கு அது போகும். அடுத்த தடவை அந்தக் கோப்பை இரண்டு தடவை சொடுக்கினால் மூலம் திறக்காது, புதுப் பிரதி ஒன்று திறக்கும். முந்தியவரின் பெயர் தங்கிவிடும் பிரச்சினை அதோடு போய்விடும். மூலத்தையே திருத்த வேண்டுமென்றால் வலது பொத்தானைச் சொடுக்கி ‘ஓப்பன்’ கொடுக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. நிரப்பாமல் விட்ட கட்டத்தில் அந்த அடைப்புக்குறிச் சொல் அச்சிலும் விழும். தாளை எடுத்துக் கையில் கொடுக்கும் முன் அதை ஒருக்கா தேடுங்கள்.

கேள்வி: எங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடன் படிவத்தில் இந்த இணைப்பைச் செய்து பார்த்தேன். பெயர் எல்லா இடத்திலும் வருகிறது. ஆனால் ‘கமலாஇன் படகு’, ‘கண்ணன்க்கு வழங்கிய’, ‘கிண்ணியாஇல் வசிக்கும்’ என்றெல்லாம் வந்து வாசிக்கவே கூசுகிறது. ஆங்கிலப் படிவத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. வேர்டில் ஏதாவது திருத்தம் உண்டா?
— மூதூர் வாசகர்

பதில்: வேர்டில் இல்லை. திருத்த வேண்டியது உங்கள் வசனத்தை. கேட்கப் பலருக்குத் தோன்றாத, ஆனால் எல்லோரும் இடறுகிற இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறோம்.

தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும்போது பெயரின் கடைசி எழுத்துக்கு ஏற்றபடி உடம்படுமெய்யும் சாரியையும் வரும். ரவி ‘ரவியின்’ ஆகும், கமலா ‘கமலாவின்’, கண்ணன் ‘கண்ணனின்’, கண்ணனுக்கு என்பதில் நடுவே ஓர் உகரமும் வந்து சேரும். ஊர்ப்பெயரும் அப்படித்தான்: மூதூரில், கிண்ணியாவில், நிலாவெளியில், தம்பலகாமத்தில். கடைசியில் ஊரின் ‘ம்’ கூடக் காணாமற் போகிறது. கட்டத்துக்கு இந்த இலக்கணம் தெரியாது. அடித்ததை அடித்தபடி திரும்பச் சொல்ல மட்டுமே அதற்குத் தெரியும். எனவே பெயர் எழுவாயாக, உருபேறாமல் நிற்கிற மாதிரி வசனத்தை அமைக்க வேண்டும்.

பழைய நொத்தாரிசுமார் உறுதிகளில் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ‘என்பவர்’ என்ற சொல்லைப் பெயருக்குப் பின்னால் நிறுத்தி உருபை அதன் தலையில் ஏற்றிவிடுவார்கள்: கமலா என்பவரின் படகு, கண்ணன் என்பவருக்கு வழங்கிய, ரவி என்பவரால் ஒப்பமிடப்பட்ட. எந்தப் பெயர் வந்தாலும் ‘என்பவர்’ மாறாது. ஆண்பால் பெண்பால் வினைமுற்றுச் சிக்கலும் ‘அவர்’ என்ற மரியாதைப் பன்மையில் அடங்கிவிடும். ஊருக்கு ஒரு பொதுச்சொல் பின்னால் வரட்டும்: ‘தம்பலகாமம் பிரதேச செயலகப் பிரிவில்’, ‘கிண்ணியா என்ற முகவரியில்’. தொகைக்கும் அதே வழிதான். ‘ரூபா 75,000ஐ’ என்று எழுதாமல் ‘ரூபா 75,000 என்ற தொகையை’ என்று எழுதுங்கள். திகதி மட்டும் நல்ல பிள்ளை. எந்த எண்ணுக்கும் ‘ஆம் திகதி’ பொருந்தும்.

பின்னால் வருவதைச் சரி செய்தவர்கள்கூட முன்னால் வருவதை மறந்துவிடுவார்கள். ‘இந்த’ என்று எழுதி அடுத்துக் கட்டத்தை வைத்தீர்கள் என்றால், கட்டத்தில் ‘படகு’ வரும்போது ‘இந்தப்’ என்றும், ‘காணி’ வரும்போது ‘இந்தக்’ என்றும், ‘வலை’ வரும்போது ஒற்றில்லாமலும் வேண்டும். ‘மேற்படி’ என்று போடுங்கள். அதன் பின் ஒற்று மிகாது. உத்தியோகக் கடிதத்துக்கும் அந்தச் சொல் பொருத்தம்.

அதைவிடச் சுத்தமான வழி, பெயர் வரும் இடங்களையே குறைப்பது. தொடக்கத்தில் முழுப்பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் எழுதி, ‘இதன் பின்னர் கடன் பெறுநர் எனக் குறிப்பிடப்படுபவர்’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், பிறகு ‘கடன் பெறுநரின்’, ‘கடன் பெறுநருக்கு’ என்று இயல்பாக எழுதிக்கொண்டே போகலாம். பெயர்க் கட்டம் தொடக்கத்தில் ஒன்று, தலைப்பில் ஒன்று, கையொப்பக் கோட்டுக்குக் கீழே ஒன்று என்று மூன்றே போதும்.

‘மகன்’, ‘மகள்’, ‘மனைவி’ என்று வரும் இடத்துக்கு டிவலப்பரில் உள்ள ‘ட்ரொப் டவுன் லிஸ்ட்’ கட்டத்தைப் பயன்படுத்துங்கள். ப்ரொப்பர்ட்டீஸில் ஒவ்வொரு சொல்லையும் சேர்க்கும்போது ‘டிஸ்பிளே நேம்’, ‘வெல்யூ’ இரண்டிலும் ஒரே சொல்லை எழுதுங்கள். இதை வேறிடத்தில் ஒரு சாதாரண எழுத்துக் கட்டத்தோடு இணைத்தால் அங்கே விழுவது ‘வெல்யூ’தான்.

வாழ்த்துப் பத்திரம், பிரியாவிடை மடல் மாதிரியானவற்றில் ‘என்பவரின்’ என்று எழுதினால் பொலிஸ் முறைப்பாடு வாசிப்பது போலிருக்கும். அவற்றுக்கு ‘பெயர்’, ‘பெயரின்’ என்று இரண்டு தனிக் கட்டங்களை வைத்து, ‘கமலா’ ஒருக்கா, ‘கமலாவின்’ ஒருக்கா என்று அடியுங்கள். இரண்டு தடவை அடிப்பது பதினொரு தடவையைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: பாமினி எழுத்துருவில்தான் எல்லாப் படிவமும் இருக்கிறது. இணைத்த பெயர் உள்ளே தமிழில் வருகிறது, பக்கத் தலைப்பில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. கணினியில் வைரஸ் பிடித்திருக்குமோ?
— கிண்ணியா வாசகர்

பதில்: வைரஸ் இல்லை. பாமினியில் நீங்கள் காண்பது தமிழ் வடிவம்; கோப்பில் கிடப்பது ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றே சேமிக்கப்பட்டிருக்கிறது. கட்டங்களுக்கிடையே பாய்வது எழுத்து மட்டும்தான், எழுத்துரு பாயாது. தலைப்பிலுள்ள கட்டம் டைம்ஸ் நியூ ரோமனில் இருந்தால் உண்மை வெளியே வந்துவிடும். ஒவ்வொரு கட்டத்தையும் தெரிவு செய்து பாமினி ஆக்கினால் இன்றைக்குத் தப்பலாம். ஆனால் கட்டத்தின் மேற்பெயரையும் பிடிஎஃப் உட்குறிப்பையும் பாமினி ஆக்க முடியாது.

தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோட்டுக்குப் படிவத்தையே மாற்றிவிடுங்கள். விரல் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலும் பாமினி விசை ஒழுங்கிலேயே யூனிகோட் அடிக்கலாம். எழுத்துருவாக விண்டோஸோடு வரும் நிர்மலா யூஐ போதும்.

மாற்றிய பிறகு ஒரு புதுத் தலையிடி வரும்: அளவை 14 ஆக்கினாலும் தமிழ் எழுத்து அசையாமல் நிற்கும். வேர்ட் தமிழைக் ‘கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ வகையில் வைத்து அதற்குத் தனி எழுத்துரு, தனி அளவு, தனித் தடிப்பு வைத்திருக்கிறது. ஸ்டைலைத் திருத்தும்போது ‘ஃபோன்ட்’ பெட்டியில் கீழே அந்தப் பெயரிலுள்ள பகுதியிலும் அதே அளவைக் கொடுங்கள்.

கேள்வி: சட்டத்தரணி ஒருவரிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். காணி உறுதி ஒன்றுக்கு விற்பவர், வாங்குபவர், இருவரின் முகவரி, நான்கு எல்லைகள், வரைபட இலக்கம் என்று இருபதுக்கு மேல் விபரம் வேண்டும். பதினைந்து போதாது.
— உவர்மலை வாசகர்

பதில்: சொந்தமாகவே ஒரு பட்டியல் செய்துகொள்ளலாம். வேர்ட் 2013 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். நோட்பேடில் இப்படி எழுதுங்கள்:

<உறுதி>
<விற்பவர்></விற்பவர்>
<வாங்குபவர்></வாங்குபவர்>
<வடக்கெல்லை></வடக்கெல்லை>
<உதிரி1></உதிரி1>
<உதிரி2></உதிரி2>
</உறுதி>

வெளியே ஒரே ஒரு தாய்ச்சொல், உள்ளே விபரத்துக்கு ஒன்று. பெயருக்குள் இடைவெளி வரக்கூடாது, பெயர் எண்ணில் தொடங்கக்கூடாது, திறந்த ஒவ்வொன்றையும் மூட வேண்டும். சேமிக்கும்போது கோப்புப் பெயரின் வால் எக்ஸ்எம்எல் (.xml) ஆகவும் ‘என்கோடிங்’ யூடிஎஃப்-8 ஆகவும் இருக்கட்டும். பழைய நோட்பேட் ‘ஆன்சி’ என்று சேமித்து, தமிழ் முழுவதையும் கேள்விக்குறியாக்கிவிடும்.

வேர்டில் டிவலப்பர் பட்டியில் ‘எக்ஸ்எம்எல் மெப்பிங் பேன்’ அழுத்துங்கள். வலப்பக்கம் திறக்கும் பலகையின் மேற்பட்டியலில் கடைசியாக ‘அட் நியூ பார்ட்’ இருக்கும். அதன்மூலம் கோப்பைத் தெரிவு செய்து, மீண்டும் அதே பட்டியலில் புதிதாக வந்திருப்பதைத் தொட்டால் உங்கள் சொற்கள் வரிசையாகத் தெரியும். ‘விற்பவர்’ மேல் வலது பொத்தானைச் சொடுக்கி, ‘இன்சேர்ட் கொன்டென்ட் கொன்ட்ரோல்’, பிறகு ‘பிளெய்ன் டெக்ஸ்ட்’. முகவரி பல வரி என்றால் அந்தக் கட்டத்தின் ப்ரொப்பர்ட்டீஸில் ‘கேரேஜ் ரிட்டர்ன்’ அனுமதிக்கும் தெரிவுக்குச் சரி போடுங்கள். இல்லாவிட்டால் என்டர் வேலை செய்யாது.

சேர்த்தவுடன் பட்டியலின் பிரதி ஆவணத்துக்குள் போய்விடும். பிறகு நோட்பேட் கோப்பைத் திருத்தினாலும் ஆவணத்துக்குத் தெரியாது. அதற்காகத்தான் மேலே இரண்டு உதிரிகள்; ஐந்தாறு வைத்தாலும் தப்பில்லை. ஒரே கோப்பை மறதியாக இரண்டு தடவை சேர்த்தால் இரண்டு தனிப் பட்டியல்கள் உருவாகும். ஒன்றிலிருந்து எடுத்த கட்டமும் மற்றதிலிருந்து எடுத்த கட்டமும் ஒன்றோடொன்று பேசாது. ‘சில இடத்தில் மாறுகிறது, சில இடத்தில் இல்லை’ என்ற முறைப்பாட்டை முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

இணைப்பைக் கொல்லும் வேறு இரண்டும் உண்டு. வேர்ட் 97-2003 வகையில் சேமித்தால் கட்டங்கள் வெறும் எழுத்தாகிவிடும். மறைந்து கிடக்கும் விபரங்களைத் தேடி நீக்கும் ‘இன்ஸ்பெக்ட் டொக்கியுமென்ட்’ ஓட்டி, ‘கஸ்டம் எக்ஸ்எம்எல் டேட்டா’ என்பதற்கு எதிரே ‘ரிமூவ் ஓல்’ கொடுத்தால் பட்டியலே போய்விடும். மாதிரிக் கோப்பில் இரண்டையும் செய்யாதீர்கள்.

கேள்வி: முன்பிருந்தவர் செய்துவைத்த படிவத்தில் பெயரை மாற்றினால் மற்ற இடங்கள் மாறுவதில்லை. சிலவேளை அச்சில் ‘எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நொட் ஃபவுண்ட்’ என்று வருகிறது.
— தம்பலகாமம் வாசகர்

பதில்: அவர் பெயர் உள்ள இடத்துக்குப் புக்மார்க் என்ற அடையாளம் வைத்து, மற்ற இடங்களில் ‘ரெஃப்’ என்ற ஃபீல்டால் அதை அழைத்திருக்கிறார். ஓல்ட் + எஃப்9 அழுத்தினால் சுருள் அடைப்புக்குள் அந்தக் கட்டளை தெரியும். இந்த முறையில் எதுவும் தானே மாறாது. கொன்ட்ரோல் + ஏ அழுத்தி முழுவதையும் தெரிவு செய்து எஃப்9 அழுத்த வேண்டும். அப்போதும் பக்கத் தலைப்பும் அடிக்குறிப்பும் தெரிவில் அடங்காது. அச்சு முன்பார்வையைத் திறந்து மூடினால் அவை மாறும். அந்தப் பிழைச் செய்திக்குக் காரணம், பெயரை முழுதாக மறைத்து அதன் மேல் புதியதை அடித்தபோது புக்மார்க்கும் சேர்ந்து அழிந்துபோனதுதான். அது அந்த முறையின் பிறவிக் குறை. திருத்திக்கொண்டிராமல் முதற் பதிலில் சொன்ன கட்டங்களுக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: நிலாவெளியில் சிறிய விருந்தினர் விடுதி. காசு கொடுத்து ஒஃபிஸ் வாங்கவில்லை, லிப்ரே ஒஃபிஸ் ரைட்டர் இருக்கிறது. விருந்தினர் பெயரும் அறை இலக்கமும் பற்றுச்சீட்டு, புறாத்தீவுப் படகுப் பயணச் சீட்டு, சாப்பாட்டுச் சீட்டு என மூன்றிலும் வர வேண்டும். சிங்களத்திலும் அதே பெயர் வருமா?
— நிலாவெளி வாசகர்

பதில்: மூன்றையும் ஒரே கோப்பில் மூன்று பக்கமாக வையுங்கள். கொன்ட்ரோல் + எஃப்2 அழுத்தினால் ஃபீல்ட் பெட்டி திறக்கும். ‘வேரியபிள்ஸ்’ என்ற பிரிவில் ‘யூசர் ஃபீல்ட்’ தெரிவு செய்து, வடிவம் ‘டெக்ஸ்ட்’ என்று வைத்து, கீழே பெயரும் மதிப்பும் எழுதி, பக்கத்திலுள்ள பச்சைச் சரியை அழுத்துங்கள்.  பிறகு வேண்டிய இடங்களில் எல்லாம் ‘இன்சேர்ட்’ கொடுக்கலாம். அவற்றில் எதையாவது இரண்டு தடவை சொடுக்கி மதிப்பை மாற்றிப் பச்சைச் சரி கொடுத்தால் எல்லா இடமும் மாறும்.

வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு அதைவிட இலகுவாக வேண்டுமென்றால், அதே பிரிவில் ‘இன்புட் ஃபீல்ட்’ எடுத்து, நீங்கள் செய்த அந்த ஃபீல்டின் பெயரைத் தெரிவு செய்து முதற் பக்கத்தில் வையுங்கள். கொன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்9 அழுத்தினால் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும். பெயர், அறை, என்டர், வேலை முடிந்தது.

சிங்களத்தில் வராது. இணைப்பு திருப்பிச் சொல்லுமே ஒழிய மொழிபெயர்க்காது, எழுத்தையும் மாற்றாது. சிங்களப் பெயருக்கு இன்னொரு ஃபீல்ட் செய்து ஒருக்கா அடித்துவிடுங்கள். ஒரே நாளில் நாற்பது பேர் கொண்ட குழு வந்திறங்கினால் இந்த முறையை விட்டுவிட்டு, பெயர்ப்பட்டியலைக் கணக்குத்தாளில் அடித்து ‘மெயில் மேர்ஜ்’ செய்யுங்கள். ஒரே பெயர் பல இடத்தில் வருவதற்கு இது; பல பெயர் ஒரே இடத்தில் வருவதற்கு அது.